முதலில் எங்கள் தெருவை அளந்து பாருங்கள்

நெல்லை மாநகராட்சியின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் நகரமைப்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஜங்ஷனும் மீனாட்சிபுரமும் கொக்கிரகுளமும் மூழ்கின. ஆற்றை ஒட்டிய பகுதிகள்; காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, பாளையங்கோட்டையின் புறநகரில் இருக்கும் எங்கள் தெருவில் ஏன் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது? எதிர்வீட்டுப் பெரியவர்தான் விடை சொன்னார்: "இது பிசான நெல் விளைந்த வயல். குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் இந்த வழியாகத்தான் போகும்." நான் மனை வாங்கும்போது பார்த்த வரைபடத்தில் அந்த வழி இல்லை.

அதனால்தான் இந்த மடல். குடியிருக்க எவ்வளவு ஏற்றது என்று நகரத்துக்கு மொத்தமாக ஒரே மதிப்பெண் போட்டால் 55 வார்டுகளின் நிலை அதில் தெரியாது; ஒவ்வொரு பகுதியையும் தனியாக அளக்க வேண்டும். ரத வீதிகளில் குடியிருப்பவர் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போய் வருகிறார். மகாராஜ நகர்க்காரர்களுக்கு உழவர் சந்தை பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு கட்டுக் கீரை வாங்கவும் வண்டியை எடுக்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாத என் அம்மாவுக்கு ஒவ்வொன்றுக்கும் யாராவது துணை வேண்டியிருக்கிறது. அவருடைய அந்த முடக்கம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஜப்பானில் 'காஸ்பி', இங்கிலாந்தில் 'பிரீயம்', அமெரிக்காவில் 'லீட்' என்று குடியிருப்புப் பகுதிகளைத் தனித்தனியாக மதிப்பிடும் முறைகள் உண்டு. பாதி வீடுகளிலிருந்தாவது ஏறத்தாழ 400 மீட்டர் நடைக்குள் பஸ் நிறுத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறது லீட். நல்ல கேள்விதான். ஆனால் சித்திரை வெயிலில், மரமே இல்லாத சாலையில் அந்த 400 மீட்டரை ஒரு முதியவர் எப்படி நடப்பார்? நம் ஊருக்கான அளவுகோலில் நிழலையும் சேர்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, தண்ணீரைச் சேர்க்க வேண்டும். நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் மூன்றும் பாசனத்துக்காக வெட்டியவை. இன்று அவை குடியிருப்புகளுக்கு நடுவே ஓடுகின்றன. எந்தத் தெருவின் சாக்கடை எந்தக் கால்வாயில் விழுகிறது, எந்தக் குளத்தின் மறுகால் எந்த மனைப்பிரிவுக்கு அடியில் புதைந்திருக்கிறது என்பதை வார்டு வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வருவாய்த்துறை வரைபடங்களை இன்றைய தெருக்களோடு பொருத்திப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, வயல் பார்த்த பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைத்ததை அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வாசியுங்கள், தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அதுவரை குளத்தடி வயல்களில் புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தராதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அளக்க வருகிறவர்களுடன் எதிர்வீட்டுப் பெரியவரும் நானும் நடந்து வருகிறோம். மறுகால் போன வழியை அவர் காட்டுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைப் புறநகர்வாசி ஒருவர்