கல்வியாண்டு நிறைவையொட்டிப் பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இந்தக் கல்வியாண்டு நல்லபடியாக முடியும் தறுவாயில் இருக்கிறது. வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள். தேர்ச்சி நன்றாக இருக்கும் என்று நம்புகிறோம். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. ஆண்டுத் தேர்வு அட்டவணை பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டுள்ளது. பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

இலக்கிய மன்ற விழாவும் இனிதே நடந்தது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

விழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கோபால் கணேஷ் அகர்கர் என்ற சீர்திருத்தவாதியைப் பற்றிப் பேசினாள். கடல் காற்றில் தாள் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கியவள், கடைசிப் பக்கத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தாள். கைதட்டலுக்குக் குறைவில்லை. மறுநாள் காலையிலிருந்து சில பெற்றோர் அலுவலகத்துக்கு வந்தார்கள். "நம்ம பக்கத்துல ஆளே இல்லையா, மராட்டிக்காரரைப் பத்தித்தான் பேசணுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. "சாமி கும்பிடாத மனுசனைப் பத்திப் பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்றவர்களும் உண்டு. "பொம்பளப் பிள்ளைய மேடையேத்திக் கல்யாணத்தைப் பத்திப் பேச வச்சிட்டீங்களே" என்று ஒரு தந்தை வருத்தப்பட்டார். டீக்கடையில் பேசிக் கலையாமல் நேரில் வந்து கேட்டீர்கள். அதற்கு நன்றி.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரத்தில் படித்த கலாம் ஐயாவைப் பற்றி ஆண்டுதோறும் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். இந்த ஆண்டு, மேடையில் இதுவரை வராத பெயராகத் தேடி வரும்படி தமிழாசிரியர் சொல்லியிருந்தார். அப்படி வந்தவர்தான் அகர்கர்.

விழாவுக்கு வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1856-இல் மகாராட்டிரத்தில் கராட் ஊருக்கு அருகே டெம்பு என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி நாட்களில் இருந்த ஒரே சட்டையை இரவில் துவைத்துக் காயப்போட்டு மறுநாள் போட்டுக்கொண்டு போவாராம். முதுகலை படித்தவருக்கு அன்றைக்குப் பெரிய உத்தியோகம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பொதுப்பணி செய்யப் போவதாகத் தாய்க்குக் கடிதம் எழுதினார். மராட்டி எழுத்தாளர் சிப்ளூண்கர், விடுதலைப் போராட்டத் தலைவர் திலகர் ஆகியோர் 1880-இல் புனேயில் தொடங்கிய பள்ளியில் சேர்ந்து உழைத்தார். 1881-இல் வந்த கேசரி இதழுக்கு அவர்தான் முதல் ஆசிரியர். கோலாப்பூர் சமஸ்தான விவகாரத்தில் எழுதியதற்காகத் திலகரும் அவரும் ஒன்றாகவே 101 நாள் சிறையில் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட நண்பர்கள் பிரிந்தது சமூகச் சீர்திருத்தத்தில்தான். முதலில் நாட்டு விடுதலை, வீட்டு வழக்கங்களைப் பிறகு பார்க்கலாம் என்றார் திலகர். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றார் அகர்கர். 1887-இல் கேசரியை விட்டு விலகி, அடுத்த ஆண்டே சுதாரக் என்ற இதழைத் தொடங்கினார். அதன் ஆங்கிலப் பகுதியைக் கோகலே பார்த்துக்கொண்டார். குழந்தைத் திருமணம், கைம்பெண்ணுக்குத் தலை மழிப்பது, தீண்டாமை எல்லாவற்றையும் எதிர்த்து அதில் எழுதினார். கோபம் கொண்ட எதிர்ப்பாளர்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டிப் புனே தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஃபெர்குசன் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது, 1895-இல், ஆஸ்துமாவால் இறந்தார். அப்போது அவருக்கு 38 வயது. கேசரியில் இரங்கல் எழுதியவர் திலகர்.

இரண்டாவது கேள்வி, சாமி விஷயம். அகர்கர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மாணவியின் பேச்சை மேடைக்கு முன்பே படித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் யாருடைய சாமியைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற ஊர் இது. யார் நம்பிக்கையிலும் பள்ளி கை வைக்காது. ஒரு வழக்கம் பழையது என்பதாலேயே அது சரியாகிவிடுமா, அதனால் இன்றைக்கு யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார் அகர்கர். அவள் பேசியது அவ்வளவுதான். கேள்வி கேட்கிற பிள்ளை மரியாதை கெட்டுப்போகும் என்று ஓர் அம்மா பயந்தார். வீட்டில் எதிர்த்துப் பேசினால் எனக்குச் சொல்லுங்கள், நான் கண்டிக்கிறேன். கேள்வி கேட்டால், பதில் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, கல்யாணம். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே படிப்பு வேண்டும், அதையும் ஒன்றாக உட்கார வைத்தே சொல்லித்தர வேண்டும் என்று எழுதியவர் அகர்கர். பெண்களுக்குச் சொந்தக் காலில் நிற்கப் பிழைப்புக்கான கல்வி வேண்டும் என்றும் தனியாக எழுதினார். புனேயில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். இந்தக் கடற்கரையில் சிரிக்க முடியாது. மூக்கையூர் முதல் பாம்பன் வரை, பாசி எடுக்கக் கடலில் முங்குவதும், கருவாடு காயப்போட்டு விற்பதும், கூடையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவதும் நம் வீட்டுப் பெண்கள்தானே? கையை அறுக்கும் பாறைக்குப் பதிலாக அவர்கள் மகளுக்கு வேறு பிழைப்பு இருக்கட்டும் என்பதில் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

1891-இல் தாம்பத்தியத்துக்கான வயதை 10-லிருந்து 12 ஆக்க அரசு சட்டம் கொண்டுவந்தபோது, வீட்டு விஷயத்தில் வெள்ளைக்காரன் எதற்குத் தலையிட வேண்டும் என்று திலகர் எதிர்த்தார். அகர்கர் சட்டத்தை ஆதரித்தார். சமூகம் தானாகத் திருந்தும்வரை அந்தச் சிறுமிகளால் காத்திருக்க முடியாது என்பது அவர் பக்கத்து நியாயம். "எங்க வீட்டுப் பிள்ள, எங்க விருப்பம்" என்று போன வாரம் என் மேசைக்கு எதிரே ஒருவர் சொன்னபோது எனக்கு இந்தச் சண்டைதான் ஞாபகம் வந்தது.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், சொந்தபந்தம் கூடும், கல்யாணப் பேச்சும் கூடவே வரும். கோடை விடுமுறைக்குப் போன பெண் பிள்ளை ஜூனில் திரும்பி வராமல், மாற்றுச் சான்றிதழ் கேட்டு மாமா வந்து நிற்பது எங்களுக்குப் புதிதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இதற்குக் குறைந்த வயதில் திருமணம் நடத்தினால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் கிடைக்கலாம். நடத்தி வைத்தவருக்கும் தண்டனை உண்டு. தகவல் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு நான் அழைப்பேன். யார் வீடு, யாருக்கு வேண்டியவர் என்று பார்க்க மாட்டேன். மேடையில் பேசிய மாணவியைத் தெருவில் கேலி பேசுவதும் இன்றோடு நிற்க வேண்டும். அந்தக் கேலியால் அவளைச் சில நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். பெற்றோரிடம் பேசினேன், இப்போது பள்ளிக்கு வருகிறாள்.

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால், உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை பயம், தடைக்காலத்தில் கடன், வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் தாயின் கவலை, எல்லாம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்ற நம் தமிழ்நாட்டுச் சீர்திருத்தவாதியின் பெயரில் உள்ள திட்டம் அது. மராட்டிக்காரர் வேண்டாம் என்றவர்கள் இவரையாவது ஏற்றுக்கொள்ளலாம். விவரங்களுக்கு வகுப்பாசிரியரைப் பாருங்கள்.

தடைக்காலம் தொடங்கியதும் வரும் முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம். கடலுக்குப் போக வேண்டும் என்ற காரணம் இந்த முறை செல்லாது, அப்பாக்களும் வர வேண்டும். அந்த மாணவி சம்மதித்திருக்கிறாள். அதே பேச்சை மறுபடி பேசுவாள். முடிந்ததும் ஒலிவாங்கி உங்களுக்கு. அவள் சொன்னது தவறு என்று நினைப்பவர்கள்தான் முதலில் பேச வேண்டும். பதிலுக்கு அவள் பேசுவாள், நான் குறுக்கே வர மாட்டேன்.

ஆண்டு முழுவதும் பள்ளிக்குத் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. விழாப் பந்தலுக்குக் கயிறும் தார்ப்பாயும் தந்த படகுக்காரர்களுக்கும், கூட்டத்தன்று நீர்மோருக்குப் பொறுப்பேற்றிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களுக்கும் தனியாக நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்