‘நாங்கள்’ என்று நீ எழுதிய இடங்கள்

கொக்குவில்,
மாசி மாதம், ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

நீங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்த பட்டச் செய்தி வீடியோவைப் பற்றி நீ எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பிய மீள்நோக்குக் கட்டுரையை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் போனில். எழுத்து சின்னனாகக் கிடந்தது. சந்திக் கடையில் பிறின்ற் எடுத்துவந்து, மற்ற இரண்டு தரமும் விறாந்தையில் இருந்து ஆறுதலாக வாசித்தேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை அதிகம் இல்லை. இரண்டு மூன்று இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய், வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பந்தியை வெட்டிவிடு. 1841 தை 7ஆம் திகதி உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த மண் இது என்று தொடங்கியிருக்கிறாய். திகதி சரி, பெருமைதான். ஆனால் உங்கள் நாலு பேரின் வேலைக்கும் அந்தப் பந்திக்கும் தொடர்பு இல்லை. சோதனைத் தாளில் எழுதுகிற பழக்கத்தில் வந்துவிட்டது.

நான் எழுத நினைத்தது வேறு. ஒரு சொல்லை எண்ணிப் பார்த்தேன். ‘நாங்கள்’. ஒன்றரைப் பக்கத்தில் 26 தரம் வருகிறது. "நாங்கள் தலைப்பைத் தெரிவு செய்தோம்." "நாங்கள் களத்துக்குச் சென்றோம்." "நாங்கள் ஒற்றுமையாகக் குரல்பதிவு செய்தோம்." ‘நான்’ ஒரு இடத்திலும் இல்லை. வேறு ஒருவரின் பெயரும் இல்லை. விரிவுரையாளர் தனித்தனியாக எழுதச் சொன்னார் என்று நீதானே சொன்னாய்?

நீங்கள் நாலு பேரும் பொங்கலுக்கு ஐந்து நாள் எங்கள் வீட்டில் நின்றீர்கள். நான் கண்ணால் கண்டது உன் கட்டுரைக்குள் இல்லை, மகள்.

தலைப்பையே எடு. நாலு பேருக்கும் பொதுவான விருப்பம் ஒன்றைச் செய்தியாக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டு கிழமையாக ஒன்றும் அகப்படவில்லை என்று நீ விடுதியிலிருந்து அழாக்குறையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஒருவருக்குக் கிரிக்கெட், ஒருவருக்குப் பழைய பாட்டு, உனக்குச் சமையல் வீடியோ. பிறகு ஒருநாள் வந்தாறுமூலையில் உங்கள் பல்கலைக்கழக வளாகத்து மரத்தில் கிழிந்த பட்டம் ஒன்று தொங்கினதைப் பார்த்து, அந்த அட்டன் பெடியன் தேயிலை மலையில் தான் பட்டம் ஏற்றின கதையைச் சொன்னான். உடனே மட்டக்களப்புப் பிள்ளை தன் ஊர்க் கடற்கரையைச் சொல்லியிருக்கிறாள். புத்தளத்துப் பிள்ளை தன் அம்மப்பாவைச் சொல்லியிருக்கிறாள், அவள் சொல்கிற மாதிரிச் சொன்னால், உம்மாட வாப்பா. நீ வல்வெட்டித்துறைப் பொங்கல் பட்டப் போட்டியைச் சொன்னாய். நாலு பேரும் ஒரே நேரத்தில் கதைத்ததாக அன்றிரவு போனில் எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாய்! அந்த இரவு முழுவதையும் நாலு சொல்லில் முடித்துவிட்டாய். உங்கள் பொது விருப்பம் தேடும்போது அகப்படவில்லை. ஒருவன் தன் கதையைச் சொல்லத் துணிந்தபோதுதான் மற்ற மூன்றும் வெளியே வந்தன. அதைத் தொடக்கி வைத்தவன் அவன். அதை எழுது.

பொங்கலுக்கு முதல்நாள் வடமராட்சியில் அந்தப் பெரியவரின் வளவுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனேனே, அது உன் கட்டுரையில் "ஒரு பட்டம் கட்டுநரைப் பேட்டி கண்டோம்" என்று வருகிறது. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டத்தில் கட்டினால் காற்றில் கூவுகிற ‘விண்’ செய்ய, அவர் கமுகஞ்சிலாகையை வில்லாக வளைத்து, இரண்டு முனையிலும் நாரை இழுத்துக் கட்டினார். பனை நாரில் கட்டுவது அந்தக் காலம், இப்போது பொதி கட்டுகிற பிளாஸ்ரிக் நாடாதான் என்று சொல்லிக்கொண்டே விரலால் சுண்டிப் பார்த்தார். திருப்தி வரவில்லை. அவிழ்த்து, கத்தி முனையால் நாடாவின் ஓரத்தை மெல்லச் சீவி, திரும்பக் கட்டினார். பிறகு எழும்பி நின்று, கயிற்றின் நுனியில் விண்ணைத் தொங்கவிட்டுத் தலைக்கு மேலே சுழற்றினார். அது கூவின கூவலில் வளவுக் கோழியெல்லாம் ஓடினது. நீ வினாக்கொத்தைப் பார்த்து "எத்தனை வருடமாக இந்தத் தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டாய். அவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

புத்தளத்துப் பிள்ளை அதுவரை வாய் திறக்கவில்லை. மெல்லக் கேட்டாள்: "ராவெல்லாம் கூவுமா, ஐயா?"

அந்த மனிதர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "கூவும் பிள்ளை. பனைமரத்திலை கட்டிவிட்டால் விடியுமட்டும் கூவும். நித்திரைக்கையும் காதிலை கேட்டுக்கொண்டு கிடக்கும். சத்தம் நிண்டால் திடுக்கிட்டு எழும்புவம், பட்டம் விழுந்திட்டுது எண்டு அர்த்தம்." பிறகு பத்து நிமிடம் அவராகவே கதைத்தார். உங்கள் வீடியோவில் நல்லதென்று விரிவுரையாளர் சொன்ன பகுதி அதுதான். அது அவளுடைய கேள்விக்கு வந்த பதில்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்று நீ விசாரித்தாயோ தெரியாது. அன்று பின்னேரம் அவள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய உம்மாவின் தகப்பனார் யாழ்ப்பாண நகரத்துச் சோனகதெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஐப்பசி 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்துக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். அந்தச் சனத்தோடு அவரும் போனார். புத்தளத்தில் கடைசிக் காலத்தில், இரவில் விண் கூவுகிற சத்தம் கேட்காமல் நித்திரை வருகுதில்லை என்று சொல்லுவாராம். அந்தப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கு வந்தது அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான். நான் அப்போது 20 வயதுப் பெடியன். அவர்கள் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

இலக்கணத்தில் ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் சேர்த்தி, ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே. பேச்சில் நாங்கள் இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்றே சொல்லிவிடுகிறோம். யார் உள்ளே, யார் வெளியே என்று அந்தச் சொல் காட்டாது. நீ "நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தின் மரபை உணர்ந்தோம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வாசிக்கும்போது அவளுக்கு எப்படி இருக்கும்?

பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடந்ததற்கு நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. சனத்தையும் பட்டங்களையும் நன்றாக எடுத்திருக்கிறீர்கள். மதிலில் ஏறி நின்று எடுத்த அந்த மட்டக்களப்புப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லு. அட்டன் பெடியன் என் பக்கத்தில்தான் நின்றான். "அங்கிள், காத்து இங்க ஒரே பக்கமா வருதுங்க. எங்க மலையில சுத்திச் சுத்தி அடிக்கும், நூலை விட்டு விட்டுப் பிடிக்கணும்" என்றான். வாடைக்காற்றை அவன் அளந்த அளவுக்கு நான்கூட அளந்ததில்லை. அந்த வசனம் உங்கள் வீடியோவில் இல்லை.

அவன் குரலும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனாலும் சொல்லுகிறேன். எதிரொலி வராமல் நடு அறையில் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க அவன் முழு ஏழு நிமிடத்தையும் பேசிப் பதிவு செய்தான். நீ கேட்டுவிட்டு, "இந்தப் பேச்சு எங்கடை செய்திக்கு ஒத்துவராது" என்று சொல்லி, உன் குரலில் திரும்பப் பதிவு செய்தாய். நான் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்து, அம்மாவிடம் திருவலையை வாங்கி இரண்டு தேங்காயும் திருவிக் கொடுத்தான். அன்று முழுக்கக் கிணற்றடியிலும் குசினியிலும்தான் நின்றான். "நாங்கள் ஒற்றுமையாகக் குரல்பதிவு செய்தோம்" என்பது இதைத்தான்.

உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, பிள்ளை. இந்த விசயத்தில் உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கும் தெரியாது.

1992இல் நான் ஒரு பத்திரிகை அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்தேன். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாளும் இல்லை. கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் போட்டுத் திரி விட்ட விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக வாசித்துக் கோக்கவேண்டும். ஒரு இரவு மரண அறிவித்தல் ஒன்று வந்தது. இறந்தவர் தமையன், தகவல் கொடுத்தவர் தம்பி. நான் தலைப்பில் தம்பியின் பெயரைக் கோத்துவிட்டேன். புரூவ் பார்த்தவரும் அதே விளக்கில்தான் பார்த்தார்.

விடிய அந்தத் தம்பி வீட்டுக்கே சனம் போயிருக்கிறது. கரவெட்டியில் இருந்த சகோதரி சைக்கிள் பாரில் இருந்து வழிநெடுக அழுதுகொண்டு வந்தாவாம். ஒரு சாவு நடந்த வீட்டில் இரண்டு சாவு. பத்து மணிபோல அந்த மனிதர் பேப்பரோடு அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "இதைக் கோத்தது ஆர்?" என்று கேட்டார்.

பொறுப்பாக இருந்தவர் சொன்னார்: "அச்சுப்பிழை ஐயா. நாங்கள் நாளைக்குத் திருத்தம் போடுறம்."

"நாங்கள் எண்டால் ஆர், தம்பி?"

ஒருவரும் பேசவில்லை. நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால், கையில் கோக்கிற கட்டையோடு நின்றேன். கையெட்டுகிற தூரம். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்தநாள் பெட்டி கட்டித் திருத்தம் போட்டோம். "தவறுக்கு வருந்துகிறோம்." அந்த ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லையும் நான்தான் கோத்தேன்.

கனகாலம் கழித்து அவருடைய உண்மையான மரண அறிவித்தல் வந்தது. வாசித்துவிட்டு அந்தச் செத்தவீட்டுக்குப் போனேன். மகனிடம் சொல்லலாம் என்று நினைத்துத்தான் போனேன். சனம் நிறையக் கிடந்தது. கையைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் உயிரோடு இருந்த காலம் முழுக்க அவருடைய வீட்டைக் கடந்துதான் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன், மகள். ஒருநாளும் இறங்கவில்லை.

2021 மார்கழியில் வடமராட்சியில் ஒரு இளைஞனைப் பட்டம் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். கயிற்றைப் பிடித்தவர்கள் கனபேர். மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், அவன் விடவில்லை. "நாங்கள் பட்டம் ஏற்றினோம்" என்று அதை எழுதினால், அவன் அந்தரத்தில் தொங்கினது எங்கே வரும்? கீழே நின்றவர்கள் விடு விடு என்று கத்தினது எங்கே வரும்?

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது என்றாய். பிறின்ற் எடுத்த தாளில் ஒவ்வொரு ‘நாங்க’ளுக்கும் மேலே யார் என்று பென்சிலால் கேட்டிருக்கிறேன். சில இடத்தில் அது உண்மையிலேயே நாலு பேரும்தான், அப்படியே இருக்கட்டும். கடைசிநாள் இரவு மழைக்குப் பட்டம் நனையாமல் நாலு பேரும் விறாந்தையில் பாயை விரித்துச் சுற்றியிருந்தீர்களே, அது ‘நாங்கள்’. தலைப்புக்கு அட்டன் பெடியனைப் போடு. கேள்விக்குப் புத்தளத்துப் பிள்ளையைப் போடு, ஆனால் அவளுடைய அம்மப்பாவின் கதையை எழுதலாமா என்று அவளைக் கேட்டுவிட்டு எழுது. வேண்டாம் என்றால் விட்டுவிடு. குரல்பதிவு வருகிற இடத்தில் ‘நான்’ என்று தொடங்கு. மதிப்பெண் குறையுமோ என்று அம்மா கேட்கிறா. குறைந்தால் குறையட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

கட்டுரையைக் கொடுக்க முதல் அந்தப் பெடியனிடம் நேரில் கதை. வட்ஸ்அப்பில் வேண்டாம். கன்ரீனில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து கதை.

நாளை இரவு மட்டக்களப்பு பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது. மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, இந்தத் தாள்கள். வடையை நாலு பங்காகக் கட்டி அம்மா பெயர் எழுதியிருக்கிறா, புத்தளத்துப் பிள்ளையின் பொட்டலம் கொஞ்சம் பெரிது. நடத்துனரிடம் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், விடிய எழும்பிப் போய் எடு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவன் முதல் பதிவு செய்த குரல் உன் போனில் இன்னும் கிடக்கிறதா? அழித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டு எனக்கு அனுப்பு. அம்மாவும் நானும் இருந்து கேட்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா