உன் துப்பாக்கிக்கு எந்த மவுண்ட்?

தக்கலை,
ஞாயிறு காலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதமும் அதோடு வந்த மூன்று படங்களும் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே விடாத மழை. ரப்பர் வெட்டு நடந்து நாலு நாள் ஆச்சு. மேட்டு விளையில் நட்ட மரச்சீனியைப் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டது. அதையெல்லாம் ஒதுக்கி, வேலியைச் சரிபண்ணிவிட்டு இன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடிக்கிற முன்னடைப்புத் துப்பாக்கியில், ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கியை மாட்டுவதைப் பற்றி நீ கேட்டிருந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கோணம் ஐ.டி.ஐ.யில் ஒரே வைஸில் ஆளுக்கொரு பக்கம் நின்று அரம் பிடித்தவர்கள் நாம். நீ ஒஹாயோ போய்ச் சேர்ந்தாய், நான் பட்டாளத்தில் 17 வருஷம் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை பார்த்துவிட்டு வந்தேன். அந்த வேலையைப் பற்றிப் பேச இங்கே ஆள் கிடையாது. நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டம், அதன் 1991 திருத்தம் இரண்டோடும் வேட்டை முடிந்துபோன கதை. பன்றி வந்தாலும் தகரம் தட்டித்தான் விரட்ட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முதலில் ஸ்கோப்பை வாங்கிவிட்டு, இதற்கு எந்த மவுண்ட் சேரும் என்று கேட்கிறாய். கணக்கைத் துப்பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும் மக்கா. மவுண்ட் என்பது பேஸும் ரிங்கும் சேர்ந்தது. துப்பாக்கியில் பதியும் பேஸ் என்கிற அடிக்கட்டையைத் தீர்மானிப்பது துப்பாக்கி. ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கும் ரிங்கின் உள்விட்டத்தைத் தீர்மானிப்பது ஸ்கோப்பின் குழாய். ரிங்கின் உயரத்தை இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கும்.

படத்தில் இருப்பது சிவிஏ கம்பெனியின் ஆப்டிமா மாடல், மடக்கித் திறக்கிற வகை. இதில் பேஸ் குழலின் மேலேயே உட்காரும். ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளியும், பேஸின் அடி வளைவும் குழலோடு ஒத்துப்போக வேண்டும். அதே கம்பெனி முன்பு செய்த போல்ட் வகைத் துப்பாக்கிகளின் பேஸ் இதற்குச் சேராது. ஆகவே கம்பெனி பெயரை மட்டும் பார்த்து வாங்காதே, பெட்டியின் மேல் ஆப்டிமா என்று மாடல் பெயரே இருக்கிறதா பார். இரண்டு துண்டாக வருவதை விட ஒரே துண்டாக இருப்பது இந்த வகைக்கு நல்லது. ரிங் இரண்டும் தன்னால் ஒரே நேரில் நிற்கும்.

கடையில் பேஸுக்கு வீவர், பிக்காட்டினி என்று இரண்டு வகைப் பெயர் சொல்வார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ரிங்கின் தண்டு உட்காரும் குறுக்கு வெட்டின் அகலம் வேறு. வீவரில் 0.180 அங்குலம்; அமெரிக்க ராணுவம் 1995-இல் நிர்ணயித்த பிக்காட்டினியில் 0.206 அங்குலம், வெட்டுக்கு வெட்டு 0.394 அங்குலம் என்று ஒரே சீராக ஓடும். வீவர் ரிங்கை பிக்காட்டினி பேஸில் பெரும்பாலும் மாட்டிவிடலாம். பிக்காட்டினி ரிங்கின் குறுக்குத் தண்டு தடிமனானது, வீவர் வெட்டுக்குள் இறங்காது. உன் ஸ்கோப் குழாய் ஒரு அங்குலமா, 30 மில்லிமீட்டரா என்று வெர்னியர் வைத்துப் பார்த்துக்கொள். கண்ணால் பார்த்து முடிவு பண்ணாதே.

இப்போது எழுதப் போவதை இரண்டு தரம் படி. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் ஒரு துப்பாக்கி மூன்று நாள் என்னைப் படுத்தியது. குண்டு போடப்போட அடி விழும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், குழலைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பேஸைக் கழற்றினால், முன் ஸ்க்ரூவின் நுனி மட்டும் நாணயம் மாதிரி பளபளவென்று தேய்ந்திருக்கிறது. ஸ்க்ரூ அரை மரை நீளம் கூடுதல். ஓட்டையின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. கைக்கு இறுகினது போலத்தான் இருந்தது. பேஸ் ஒரு முடி அளவு தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அரத்தால் நுனியை ஒரு இழுப்பு இழுத்ததும் சரியாகிவிட்டது.

முன்னடைப்பில் இந்த ஓட்டைகள் ஆழம் குறைந்தவை, அடி மூடியவை. அதனால் ஒரு ஈர்க்கில் எடுத்து ஓட்டைக்குள் இறக்கு, விளிம்பில் நகத்தால் கிள்ளி அடையாளம் வை. ஸ்க்ரூவைப் பேஸில் போட்டால் கீழே எவ்வளவு நீட்டுகிறதோ, அது ஈர்க்கில் அளவை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். ஒஹாயோவில் தென்னை ஓலைக்கு எங்கே போவாய், பல் குச்சி போதும். அப்புறம் மார்க்கிங் புளூ என்கிற நீலச் சாயத்தை லேசாகக் குழலில் தடவி, பேஸை வைத்து அழுத்தி எடு. நீலம் இரண்டு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் வளைவு சேரவில்லை என்று அர்த்தம், அந்தப் பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடு. சேர்ந்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூவில் நீல நிற மரைப் பசை ஒரு துளி விட்டு இறுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பேஸோடு வருகிற தாளில் இருக்கும். ரிங் மூடி பெரும்பாலும் 15 முதல் 20 இஞ்ச்-பவுண்டுக்குள்தான். நம் கைப்பழக்கம் அதற்கு ரொம்ப அதிகம்.

இதையெல்லாம் தொடங்கும் முன்னால் குழல் காலியா என்று பார். பின்னால் திறந்து பார்த்தால் குழலின் பின்வாயை அடைக்கும் பிரீச் பிளக்தான் தெரியும், மருந்து தெரியாது. காலியான குழலில் மருந்து இடிக்கும் குச்சி எதுவரை இறங்கும் என்று ஒரு கோடு போட்டு வைத்திருப்பாய்தானே, அதை வைத்துப் பார்த்து, பிளக்கையும் கழற்றிவிட்டு வேலை செய்.

உயரம்தான் உன் விஷயத்தில் சிக்கல். நீ வாங்கியிருப்பது 3-9×40, அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 40 மில்லிமீட்டர். ஸ்கோப்பின் முன் வாயின் வெளிவிட்டம் எப்படியும் 47 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதற்கு நேர் கீழே, ஸ்கோப் இல்லாமல் வெறுங்கண்ணால் குறிபார்க்கும் திறந்த குறியின் பின்பாகம், பச்சைப் புள்ளி வைத்த பின்குறி, குழலில் நிற்கிறது, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. தாழ்ந்த ரிங் போட்டால் இரண்டும் இடிக்கும். எல்லாரும் பின்குறியைக் கழற்றிவிடச் சொல்வார்கள். ஒஹாயோ ஜனவரி சீசனுக்கு மட்டும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் மகனோடு கொலராடோவில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்கும் இதே துப்பாக்கியைக் கொண்டுபோக ஆசை என்று எழுதியிருக்கிறாய். அங்கே முன்னடைப்பு சீசனில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, திறந்த குறிதான். அப்போது பின்குறி உனக்கு வேண்டுமே!

நீ கேட்ட இரண்டடுக்கு ரிங், அதாவது மேலே ஸ்கோப், ரிங்கின் இடைவெளி வழியாகக் கீழே திறந்த குறி, எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கோப் அவ்வளவு உயரம் போனால் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு எழும்பிவிடும். மோவாய் மட்டும் கட்டையில் பட்டுக்கொண்டிருந்தால் தலை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். என் முடிவு இதுதான்: பில் இருந்தால் ஸ்கோப்பை மாற்றி, 32 மில்லிமீட்டர் முன்வாய் உள்ள 2-7 ஒன்றை வாங்கு. கட்டாயம் பின்குறிக்கு மேல் நிற்கும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். 60 தாண்டிய கண்ணுக்குக் காட்டில் ஏழு மடங்கு தாராளம்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு அங்குலமாவது இருக்கட்டும். 150 கிரெயின், அதாவது பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக, மருந்து போட்டால் அந்தத் துப்பாக்கி நன்றாகவே உதைக்கும், புருவத்தைக் கிழித்துவிடும். ரிங்கை முழுசாக இறுக்கும் முன், ஜனவரியில் போடும் அந்தத் தடித்த கோட்டைப் போட்டுக்கொள். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, அப்புறம் கண்ணைத் திற. பெரிதாக்கும் அளவை உச்சத்தில் வைத்தும் முழு வட்டம் தெரிகிற இடம்தான் உன் இடம். சுடும்போது தட்டுகிற சுத்தியான ஹாமரின் மேல் கண்வில்லை வந்து நிற்கும், அதைப் பின்னுக்கு இழுக்கக் கட்டைவிரல் நுழையாது. பக்கவாட்டில் நீளும் ஒரு சின்னத் துண்டு ஹாமருக்கென்றே கிடைக்கிறது, அதை மறக்காமல் போட்டுவிடு. குளிரில் விரல் வழுக்கி ஹாமர் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுட்டு முடித்ததும் பேஸின் அடியையும் ஸ்கோப்பின் வயிற்றையும் துடை. கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும். நம் குளச்சல் வீடுகளில் கேட் கீலை உப்புக்காற்று தின்பது போல ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் கொடுத்த பழைய ஹாக்கன் வகைத் துப்பாக்கிக்கும் ஸ்கோப் கேட்டிருந்தாயே, அதில் டிரில்லை வைக்காதே. எட்டுப்பட்டைக் குழல், பக்கவாட்டு ஹாமர், பித்தளைப் பூண். அதை அதன் குறியோடேயே வைத்துச் சுடு, தயவுசெய்து.

போன வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் நடந்துவிட்டு வந்தேன். 1741 குளச்சல் போருக்குப் பின் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்த டச்சுக்காரத் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த இடம் அல்லவா. 1777-இல் செத்து அங்கேயே கிடக்கிறார். சிறுவயதில் அந்தக் கல்லறை மேல் உட்கார்ந்து நாம் கொல்லாங்கொட்டை சுட்டுத் தின்றிருக்கிறோம். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றேன். அவர் வார்த்ததும் முன்னடைப்புத்தானே மக்கா.

குழலின் மேல் தளத்திலிருந்து பின்குறியின் உச்சி எவ்வளவு உயரம், பேஸ் எவ்வளவு தடிமன், இந்த இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்து எழுது. ரிங் உயரத்தை நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை ரிங் வாங்காதே. வீட்டில் உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். சித்திரையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், பன்றி விட்டுவைத்த மரச்சீனியை உனக்காகப் பிடுங்காமல் வைக்கிறேன்.

உன் பழைய கூட்டுக்காரன்