செயலாளர் ஆண்டறிக்கை: சங்கத் தொலைநோக்கியின் மோட்டார் ஃபோக்கஸர்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களும் வான்நோக்கு இரவுகளும் வழக்கம்போல் நடந்தன. பட்டறைக் குழுவின் உழைப்பில் பெரும்பகுதி நமது 150 மி.மீ. எஃப்/5 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு) நியூட்டோனியன் ஆடித் தொலைநோக்கிக்கு மோட்டார் ஃபோக்கஸர், அதாவது படத்தைக் கூர்மையாக்கும் பாகத்தை மோட்டாரால் நகர்த்தும் அமைப்பு, செய்வதில் சென்றது. இனிச் செய்பவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே பதிகிறேன்.

சனியை 150 மடங்கில் பார்க்கும்போது ஃபோக்கஸரைக் கையால் தொட்டாலே குழாய் ஆடுகிறது. ஆட்டம் அடங்கும்வரை வளையம் தெளிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. எஃப்/5-இல் கூர்மை நிற்கும் இடைவெளியோ சுமார் 60 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு).

வாங்கியவை: சிறுசிறு படியாகச் சுற்றும் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டார், அதை இயக்கும் யுஎல்என்2003 டிரைவர் பலகை, நிரல் ஓடும் ஆர்டுயினோ நானோ என்ற சிறு பலகை, புஷ் பட்டன் இரண்டு, இரு தண்டுகளை இணைக்கும் 5-க்கு 6 மி.மீ. கப்ளிங், 3 மி.மீ. அலுமினிய எல் பட்டை. மோட்டார் ஒரு சுற்றுக்கு 2048 ஸ்டெப் எடுக்கிறது. நமது ஃபோக்கஸர் கிரேஃபோர்டு வகை; பல்சக்கரம் இல்லாமல், தண்டின் உராய்வாலேயே உள்குழாய் நகரும். இங்கிலாந்தில் கிரேஃபோர்டு சங்கத்து ஜான் வால் வடிவமைத்து எல்லோருக்கும் பொதுவாக விட்ட அமைப்பு இது. அந்தப் பெருந்தன்மையை நாம் மறக்கக் கூடாது. அதன் 6 மி.மீ. தண்டு ஒரு சுற்றில் உள்குழாயை 18.8 மி.மீ. நகர்த்தும். ஆக ஒரு ஸ்டெப்புக்கு 9 மைக்ரான். 60 மைக்ரானுக்குள் ஆறு ஸ்டெப் கிடைக்கிறது; வேகத்தைக் குறைக்கத் தனி பெல்ட் தேவைப்படவில்லை.

முதல் பட்டை வீணானது. இந்த மோட்டாரின் தண்டு உடலின் நடுவில் இல்லை, 8 மி.மீ. தள்ளி இருக்கிறது. உடலின் மையத்தை வைத்துத் துளையிட்டதால் கப்ளிங் கோணலாகி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை இறுகியது. இரண்டாவது பட்டையில் 35 மி.மீ. இடைவெளித் துளைகளை நீளவாக்கில் அரத்தால் விரித்து, தண்டு நேரானபின் திருகை முடுக்கினோம்.

மோட்டார் சுற்றாமல் உறுமினால் கம்பி வரிசையைப் பாருங்கள். ஆர்டுயினோவின் ஸ்டெப்பர் நிரலுக்கு டிரைவர் பலகையின் முனைகளை ஐஎன்1, ஐஎன்3, ஐஎன்2, ஐஎன்4 என்ற வரிசையிலேயே கொடுக்க வேண்டும். மோட்டாருக்கான மின்சாரத்தை நானோவின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுக்காதீர்கள்; தனி 5 வோல்ட் கொடுத்து கிரவுண்டை மட்டும் சேர்க்கவும். நகர்வு முடிந்ததும் மோட்டாரின் காயில்களை (மின்சுருள்களை) அணைப்பது அவசியம். இல்லையேல் மோட்டார் சூடாகி, திறந்த குழாயின் வாயருகே காற்று அலைந்து படம் கலங்கும். அணைத்தாலும் மோட்டாருக்குள் இருக்கும் கியரே தண்டைப் பிடித்து நிறுத்திவிடும்.

மிகவும் படுத்தியது கியர் ஆட்டம். பற்களுக்கு இடையே உள்ள தளர்வால், திசை மாற்றினால் முதல் சில ஸ்டெப்புகளில் உள்குழாய் அசைவதே இல்லை. அளவு மோட்டாருக்கு மோட்டார் மாறும். நகர்வை அளக்கும் டயல் கேஜை உள்குழாயில் முட்டவைத்து எண்ணுங்கள். நகர்வு எப்போதும் உள்நோக்கியே முடியும்படி நிரலை எழுதியபின் சிக்கல் தீர்ந்தது. ஃபோக்கஸர் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கும்போது கேமராவின் எடையால் உள்குழாய் நழுவினால் அது மோட்டாரின் குறையல்ல. கிரேஃபோர்டின் இறுக்கத் திருகு தளர்ந்திருக்கிறது. மோட்டார் இணைந்திருக்கையில் மறுபக்கக் கைப்பிடியை யாரும் திருக வேண்டாம், கியர் பல் போய்விடும்.

வரும் ஆண்டில் டிஎஸ்18பி20 வெப்பமானி சேர்க்க அனுமதி கோருகிறேன். நமது 750 மி.மீ. எஃகுக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால் 9 மைக்ரான் சுருங்கும். டிகிரிக்கு ஒரு ஸ்டெப் வெளியே நகர்த்தினால் போதும். நிரலும் பட்டையின் வரைபடமும் சங்க அலமாரியில் உள்ளன, யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம்.

செயலாளர்