மாப்பிள்ளைக்குக் கூசிய கால்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ கனடா போய் ஒரு மாதமாகிறது. அக்காவின் கல்யாண வீடியோவை நேற்றுத்தான் போட்டுப் பார்த்தோம். மட்டக்களப்புக் கல்லடி வீட்டு வாசலில் நீ செம்புத் தண்ணீரை ஊற்றி உன் அத்தானின் காலைக் கழுவுகிறாய். உள்ளங்காலில் உன் விரல் பட்டதும் அவர் துள்ளி, ஒற்றைக்காலில் நின்று, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஐயர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நீ மட்டும் சிரிக்கவில்லை. கால் கழுவினதற்கு அவர் உனக்கு மோதிரம் போட்ட பிறகும் அதே முகம்.

அன்றிரவு கேட்டாயே: "மாமா, நான் கதிரையில காலை நீட்டினா அம்மம்மா ஏசுறா. ஆனா வேற ஒருத்தற்ற காலை என்னைக் கழுவச் சொல்றீங்க. என்ன நியாயம்?" பந்தல் கழற்றுகிற சாக்கில் நழுவிவிட்டேன்.

உனக்கும் எனக்கும் இருப்பது கால். சாமிக்கு என்றால் தாள், திருவடி. குறளின் முதல் பத்தில் ஏழு பாட்டில் இறைவனின் அடிதான் வருகிறது, முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தரை 'அடிகள்' என்கிறோம். மரியாதை கூடக்கூட ஆளை விட்டுவிட்டுப் பாதத்தைக் கூப்பிடுகிற சனம் நாங்கள். அதே வாயால், கக்கூசுக்குப் போனதைச் சொல்லக் கூசி "கால் கழுவிட்டு வாறன்" என்கிறோம். உயர்ந்ததையும் சொல்லக்கூடாததையும் சேர்த்துக் காலின் தலையில் கட்டியாயிற்று.

கண்ணப்பர் கதை தெரியும்தானே? இரண்டாவது கண்ணையும் தோண்டினால் இடம் தெரியாது என்று சிவனின் கண்மேல் இடக்காலை ஊன்றினவர். உன் கால் சாமியறைப் பக்கம் நீண்டாலே ஏசுகிற அம்மம்மா, இந்த இடம் வந்தால் அழுவா. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருமுறையும் தப்பியதில்லை. பாண்டிருப்புத் தீப்பள்ளயத் திருவிழாவில் நெருப்பு மிதித்து வருகிறவரின் காலையும் கும்பிடுவா. அவர் மறுநாள் பஸ்ஸில் அதே காலால் இடித்தால் வேறு கதை.

நாற்றத்துக்கும் காலுக்குத்தான் கெட்ட பேர். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கம். அங்கே வாழும் பாக்டீரியா உண்டாக்கும் ஐசோவலெரிக் அமிலம், நீ அங்கே காசு கொடுத்து வாங்கும் சில சீஸ்களிலும் இருக்கிறது. சரி, அதை விடு.

கூச்சத்துக்கு வருகிறேன். உன் உள்ளங்காலை நீயே சுரண்டிப் பார், சிரிப்பு வராது. உன் விரல் எங்கே படும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. அடுத்தவர் கை வேண்டும். நாங்களோ காலை அடுத்தவர் கையில் கொடுப்பதே இல்லை, தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். உன் அத்தானின் காலை அவருடைய அம்மாவுக்குப் பிறகு தொட்டவன் நீயாகத்தான் இருக்கும். மனுசன் துள்ளாமல் என்ன செய்வார்? நம் ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் வாழ வருகிறவர் வேறு. வந்த வாசலிலேயே மானம் போயிற்று.

அந்த வீடியோவை நீயும் ஒருக்கா போட்டுப் பார். அம்மி மிதிக்கும் இடத்தில் அவர் குனிந்து அக்காவின் காலைப் பிடித்துத் தூக்குகிறார். இப்போது அவள் துள்ளுகிறாள். கூட்டம் ஊளையிடுகிறது. நீ அதில் இல்லை, சாப்பாட்டுப் பந்தியில் இருந்திருப்பாய்.

மோதிரம் இறுக்கம் என்றாயாம். இங்கே அனுப்பாதே, அங்கேயே பெருப்பித்துக்கொள்.

அன்புடன்,
மாமா