பாட்டியின் தேதிகள்

அன்புள்ள மகளே,

உன் இரண்டு வரி வந்து சேர்ந்தது. போலிஷ் சனிக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரப் போகிறாயாம், தேதிகளை மட்டும் அனுப்பு என்கிறாய். நல்ல காரியம். நம் குடும்பத்தில் எழுத வருவது உனக்குத்தான், பாட்டியே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் சொல்லலாமென்றால் நீ எடுப்பதில்லை. அதனால் தேதியோடு நிறுத்தாமல் எழுதுகிறேன்.

பாட்டி ரஷ்யாவில் பிறந்தவள் என்று மட்டும் எழுதிவிடாதே. இங்கே இங்கிலாந்துக்கு வந்தபின் பிராட்போர்டு போலீஸ் வெளிநாட்டார்க்குக் கொடுத்த அந்நியர் பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அது தப்பு. 1931-இல், பாட்டி பிறந்தபோது, அவள் ஊர் இருந்த வோலின் பகுதி போலந்தில் இருந்தது. 1939-இல்தான் சோவியத் படை அதைப் பிடித்தது. கிராமம், தேவாலயப் பங்கு, மாவட்டம், மாநிலம் நாலையும் 1939-க்கு முன் இருந்தபடி எழுது. இப்போது அது உக்ரைன் என்பதை அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

‘இவர்களை மட்டும் ஏன் சோவியத்காரர்கள் பிடித்துப் போனார்கள்?’ என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்கும். 1940 பிப்ரவரி 10-இல் நடந்தது முதல் நாடுகடத்தல். முன்பு சோவியத்தோடு நடந்த போரில் போலந்துக்காகச் சண்டையிட்டதற்காக நிலம் பெற்றுக் குடியேறிய முன்னாள் சிப்பாய்களின் குடும்பங்களும் வனக்காவலர் குடும்பங்களும்தான் அன்று முதல் குறி. கொள்ளுத்தாத்தாவின் நிலம் அப்படி வந்தது. பிறகு ஏப்ரல், ஜூன், அடுத்த வருஷம் ஜூன் என்று இன்னும் மூன்று முறை. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பாதே.

கொண்டுபோய் விட்ட இடம் ரஷ்யாவின் வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க். அங்கே காட்டில் மரம் வெட்டியது கொள்ளுப்பாட்டி. வேலைக்குத் தகுந்தபடிதான் ரொட்டி. ஹிட்லர் ரஷ்யா மேல் பாய்ந்த பிறகு, 1941 ஜூலையில் போலந்துக்கும் சோவியத்துக்கும் ஒப்பந்தமாகி, ஆகஸ்டில் விடுதலை. அங்கிருந்து உஸ்பெகிஸ்தான், பிறகு காஸ்பியன் கடலோரக் கிராஸ்னோவோத்ஸ்க் துறைமுகம், 1942 ஆகஸ்டில் கப்பலில் ஈரானின் பஹ்லவி. பேன் வழியே டைபஸ் பரவுமென்று கடற்கரையிலேயே உடுப்பை எரித்துத் தலையை மழித்தார்கள். பட்டினி கிடந்த வயிற்றில் கொழுத்த ஆட்டுக்கறி விழுந்து செத்தவர்கள் உண்டு. பாட்டி ஆட்டுக்கறியைத் தொடாததற்கு வேறு காரணம் தேடாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

அடுத்தது இந்தியா. கோலாப்பூருக்குப் பக்கத்தில் வலிவடே முகாம், 1943 முதல் 1948 வரை, ஏறக்குறைய 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கேயே போலிஷ் பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்தன. பாட்டி எழுதப் படிக்கத் தேறியது அங்கேதான். ஊர் சோவியத் வசம் போய்விட்டதால் திரும்பிப் போக இடமில்லை. பிரிட்டன் 1947-இல் போலிஷ்காரர்களைக் குடியமர்த்தச் சட்டம் போட்டது. இங்கே வந்ததும் முதலில் நெளிதகரக் கூரை போட்ட நிஸ்ஸன் குடிசை, பிறகுதான் கம்பளி மில்.

மில் தேதிகளுக்கு என்னைக் கேட்காதே, அந்தப் போலீஸ் புத்தகத்தையே பார். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் முத்திரையும் தேதியும் விழுந்திருக்கும். குடியுரிமை வாங்கிய விவரம் லண்டன் கெஜட் என்கிற அரசிதழில் அச்சாகியிருக்கும். நாடுகடத்தப்பட்டோர் பட்டியலில் தேடும்போது தகப்பன் பெயரையும் பார், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். வயதை இரண்டு வருஷம் முன்னே பின்னே விட்டுத் தேடு. ரேஷனுக்காகவும் பள்ளிக்காகவும் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. பெண்களின் குடும்பப் பெயர்க் கடைசியில் வரும் ‘-ஸ்கா’வை ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் ‘-ஸ்கி’ என்று எழுதிவிடுவார்கள், இரண்டையும் போட்டுப் பார். போலந்தின் பழைய கிழக்கெல்லைப் பகுதிகளின் நூறு வருஷம் ஆகாத பிறப்புப் பதிவுகள் வார்சா பதிவு அலுவலகத்தில் இருக்கின்றன, அதைவிடப் பழையவை அங்குள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில். எல்லாப் பங்குப் புத்தகமும் தப்பவில்லை, கிடைக்கவில்லையென்றால் மனம் விடாதே.

உன் புது முகவரியில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

பார்ஷ்ச் என்கிற நம் பீட்ரூட் ரசத்துக்குப் பீட்ரூட் புளிக்க வைக்கும் கணக்கையும் எழுதுகிறேன், பாட்டி பக்கத்தில் அதுவும் இருக்கட்டும். ஒரு கிலோ பீட்ரூட், தோல் சீவித் தடியாக நறுக்கு. கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றரை லிட்டர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அயோடின் கலக்காத உப்பு. நாலு பல் பூண்டு, இரண்டு பிரிஞ்சி இலை, கொஞ்சம் ஆல்ஸ்பைஸ். துண்டுகள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டக் கூடாது, சின்னத் தட்டை வைத்து அமுக்கு. தலைகாட்டுகிற துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும். துணியால் மூடு. ரை ரொட்டி ஓரத்தைப் போட்டால் சீக்கிரம் புளிக்கும் என்பார்கள், பூஞ்சையும் சீக்கிரம் வரும், எனக்கு அது பிடிக்காது. வெள்ளை நுரை வந்தால் வழித்துப் போடு, பச்சையோ கறுப்போ முடி முடியாக வந்தால் ஜாடியோடு கொட்டிவிடு. ஐந்து முதல் ஏழு நாள், குளிர்ந்த அறையானால் இன்னும் ஆகும். உன் வீட்டில் ஹீட்டர் ஓடுகிறதா? வடிகட்டி ஃபிரிட்ஜில் வை. ரசத்தில் கடைசியாகத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றியபின் கொதிக்க விட்டால் அந்தச் சிவப்பு பழுப்பாகிப் போகும். பெரியவள் நீ, இதையெல்லாம் எப்போதோ கற்றிருக்கலாம். நல்லபடி சாப்பிடுகிறாய்தானே?

நான் டிசம்பர் பதினைந்தாம் தேதி ஜாடி போடுகிறேன், அதற்குள் ஒரு வார்த்தை சொல். விகிலியா என்கிற கிறிஸ்துமஸ் முந்தைய இரவு விருந்து மேசையில் எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்போமே, அதை உனக்கென்று நினைத்துக்கொள்ளாதே. உன் தட்டு தனியாக இருக்கிறது. 24-ஆம் தேதி ரயில்கள் சீக்கிரமே நின்றுவிடும், மதியத்துக்குள் ஏறிவிடு. 25 அன்று ரயிலே ஓடாது, அதனால் இரண்டு மூன்று நாளாவது இருப்பதுபோல வா. சீட்டை இப்போதே எடு, விலை ஏறிக்கொண்டே போகும். ஒரு சீட்டானாலும் சரி.

அம்மா