மழைக்காலத்துக்கு வீட்டிலேயே பழ மசாலாத் தேநீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சிங்கப்பூரில் சில நாள்கள் விடாமல் மழை பெய்து, வெப்பநிலை 22, 23 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. அந்த வாரங்களில் பேரங்காடி அலமாரிகளில் ஐரோப்பாவிலிருந்து வரும் குளிர்காலப் பழத் தேநீர்ப் பெட்டிகளைப் பார்க்கிறோம். வீடுகளிலும் குடியிருப்பாளர் ஒன்றுகூடல்களிலும் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் பெரும்பாலும் பாலும் சர்க்கரையும் முன்பே கலந்த 3-இன்-1 பொட்டலத்தைத்தான் பிரிக்கிறோம். இவை இரண்டுமே இல்லாமல், லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு ஒருமுறை போய் வந்தால் கிடைத்துவிடும் பொருள்களைக் கொண்டு, சர்க்கரை அதிகமில்லாத பழ மசாலாத் தேநீரை வீட்டிலேயே தயாரிக்கலாம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

அந்தப் பெட்டிகளில் பலவற்றில் தேயிலையே கிடையாது. ஜெர்மனி போன்ற நாடுகளில் பழத் தேநீர் என்பது பொதுவாக உலர்ந்த ஆப்பிள், காட்டு ரோசாவின் காய், ஆரஞ்சுத் தோல், புளிச்சைப் பூவின் சிவந்த புல்லியிதழ் ஆகியவற்றின் கலவை. கண்ணைக் கவரும் சிவப்பும் நாவில் படும் புளிப்பும் பெரும்பாலும் அந்தப் புளிச்சையால் வருபவை. குளிர்காலம் வந்தால் அதனுடன் பட்டையும் கிராம்பும் சேரும். இந்தச் சரக்குகளில் பல ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போனவை. அவையே தூளாகிச் சிறு பைகளுக்குள் அடைபட்டுத் திரும்பி வரும்போது பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறோம் என்பது எனக்கு எப்போதும் வியப்பையே தருகிறது. நம் ஊரிலும் மசாலாப் பயிர் விளைந்ததுண்டு: ஆர்ச்சர்ட் சாலை என்று நாம் இன்று அழைக்கும் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன என்பதையும், 1850களில் பரவிய நோயால் அவை அழிந்தன என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டலாம்.

இனி செய்முறை. நால்வருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் போதும். கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தட்டி, விரற்கடை நீளப் பட்டை ஒன்று, கிராம்பு மூன்று, வாய் திறந்த ஏலக்காய் நான்கு, அன்னாசிப்பூ ஒன்று ஆகியவற்றுடன் தண்ணீரில் இட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடிபோட்டுப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். மூடி போடுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கிராம்பிலும் ஏலக்காயிலும் மணமாக இருப்பவை எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் என்பதால், அடுக்களை முழுவதும் கமகமவென்று மணக்கும்போது கோப்பைக்கு வர வேண்டிய மணம்தான் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. பட்டையும் அன்னாசிப்பூவும் கெட்டியானவை. கொதிநீரை மேலே ஊற்றிச் சிறிது நேரம் விட்டால் மட்டும் அவற்றின் சாறு போதுமான அளவு இறங்காது.

பழத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தால் போதும். அரை ஆப்பிளை மெல்லிய வில்லைகளாகவும், ஓர் ஆரஞ்சின் தோலை உட்புற வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவியும் போடலாம்; அந்த வெள்ளைப் பகுதி கொதித்தால் கசக்கும். சீனப் புத்தாண்டுக் காலத்தில் வீட்டில் குவியும் மாண்டரின் ஆரஞ்சுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. தோலில் மெழுகு பூசியிருக்கக்கூடும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவது அவசியம். தேயிலை வேண்டுமென்போர் அடுப்பை அணைத்த பிறகு இரண்டு தேக்கரண்டி போட்டு, மூன்று நான்கு நிமிடங்களில் வடித்துவிட வேண்டும். மசாலாவோடு சேர்த்தே தேயிலையையும் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மேலோங்கிப் பழத்தின் சுவை அடங்கிவிடும். தேநீரைக் கோப்பையில் ஊற்றிய பிறகு கலமான்சி என்னும் சிறு எலுமிச்சையைப் பிழியலாம், வைட்டமின் சி வெப்பத்தில் சிதையும் என்பதால். புளிப்புள்ள பழமும் பாலும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். ஆகவே தே ஹாலியா போலப் பாலுடன் குடிக்க விரும்புவோர் பழத்தை விட்டுவிட்டு இஞ்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இஞ்சியும் மிளகும் தரும் சூடு, வெந்நீரின் சூடு மட்டுமன்று. அவற்றின் காரப்பொருள்கள், வெப்பத்தை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுவதால்தான் தொண்டையிலும் நெஞ்சிலும் கதகதப்பு பரவுவதாகத் தோன்றுகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள காரப்பொருளின் ஒரு பகுதி மேலும் காரமான வேறொன்றாக மாறுகிறது. எனவே சுக்குப் போடுவோர் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ‘சுக்குக்குப் புறநஞ்சு’ என்று பெரியவர்கள் சொன்னதற்கேற்ப மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடிக்கும் வழக்கத்தையும், நம் ஊர் ஈரப்பதத்தில் சுக்கு எளிதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், நான் கைவிடச் சொல்லமாட்டேன்.

சர்க்கரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பானங்களை ‘ஏ’ முதல் ‘டி’ வரை தரம் பிரிக்கும் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு 2022 டிசம்பர் இறுதியில் பொட்டலப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் அவ்வப்போது கலந்து தரப்படும் பானங்களுக்கும் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்பானம் ‘டி’ என்னும் கடைசித் தரம். அத்தகைய பானம் 250 மில்லிலிட்டர் கோப்பை ஒன்றிலேயே 25 கிராமைத் தாண்டிவிடும். நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது கூடுதல் நன்மை தரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. காப்பிக்கடையில் ‘கொசோங்’ (சர்க்கரை இல்லாமல்) என்று கவனமாகக் கேட்டு வாங்குபவர்கள்கூட வீட்டில் தாராளமாகச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். ஆப்பிளும் பட்டையும் சேர்ந்த தேநீருக்கு இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு; அதற்குமேல் தேவைப்பட்டால் ஒரு தேக்கரண்டித் தேன் போதும். ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

எச்சரிக்கை வேண்டிய இடங்கள் வேறு சிலவும் உள்ளன. மலிவாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றைச் சுருள் பட்டை பெரும்பாலும் கேசியா வகை. அதில் கூமரின் என்னும் பொருள் அதிகம் இருப்பதால், நாள்தோறும் நிறையக் குடித்தால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். தினமும் அருந்துவோர் மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையை வாங்குவது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்வோர் இஞ்சியை அதிகம் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மசாலாக் கலவைகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும்.

ஆண்டிறுதி நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் சமூக மன்றக் குழுக்களுக்கும் கோயில், தேவாலயத் தொண்டூழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்து லிட்டர் நீர் கொள்ளும் மின்கொதிகலனில் மேற்சொன்ன அளவைப் பத்து மடங்காக்கி, மசாலாவை வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி இறக்கினால் வடிகட்டும் வேலை இல்லை. முதன்முறை என்றால் கிராம்பை மட்டும் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது நல்லது, பெரிய அளவில் அதன் காட்டம் எளிதில் தூக்கலாகிவிடும். சர்க்கரையைக் கலனில் கொட்டாமல் மேசையில் தனிக் கிண்ணத்தில் வைத்து, வேண்டியவர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள விடலாம். வரும் பருவமழைக்குள் ஓரிரு குழுக்களாவது இதைச் செய்து பார்த்துத் தங்கள் அனுபவத்தை இப்பகுதிக்கு எழுதினால், அளவுகளைத் திருத்திக்கொள்ள என் போன்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்